கம்பளி மழித்த கத்தி

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரவுட் என்றொரு சிற்றூர். ஐந்து பள்ளத்தாக்குகள் வந்து கூடும் இடம். பள்ளத்தாக்குக்கு ஓர் ஓடை, ஓடைக்கரை நெடுகக் கம்பளி ஆலைகள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் அணிந்த செக்கச்சிவந்த துணிக்கு இந்த ஊர் பேர்போனது. தறியிலிருந்து இறங்கிய கம்பளியை அப்படியே விற்றுவிட முடியாது. தண்ணீரில் போட்டு அடித்து இறுக்க வேண்டும். காய்ந்த முள்காய்களால் சீவி மேலே மயிர் எழுப்ப வேண்டும். எழும்பிய மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்க வேண்டும். அதன் பிறகுதான் கைவைத்தால் வழுக்கும் துணி கிடைக்கும். கத்தரிக்கும் வேலைக்கென்றே தனிக் கைவினைஞர்கள் இருந்தார்கள். ஒரு ஆள் தூக்கவே திணறும் இரும்புக் கத்தரிக்கோலைத் துணிமேல் படுக்கவைத்து, நூல் அறுபடாமல் மயிரை மட்டும் வெட்டும் கை அவர்களுக்கு வாய்த்திருந்தது. கூலியும் நல்ல கூலி.

அந்தக் கையைத்தான் இயந்திரம் முதலில் தின்றது. மயிர் எழுப்பும் பொறிகளும் கத்தரிக்கோலைச் சட்டத்தில் பூட்டி ஓட்டும் பொறிகளும் வந்தபோது, 1802-இல் வில்ட்ஷயரிலும் 1812-இல் யார்க்ஷயரிலும் அவற்றை அடித்து நொறுக்கினார்கள். பிறகு 1815-இல் ஸ்ட்ரவுட் அருகே பிரிம்ஸ்கோம்பைச் சேர்ந்த ஜான் லூயிஸ் இன்னும் நுட்பமான ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். உருளையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடும் கத்திகள். கீழே அசையாத ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே துணி நகரும். சுழலும் கத்தி தகட்டைத் தொட்டும் தொடாமலும் கடக்கும்போது மயிர் மட்டும் அறுந்து விழும்.

இந்த ஆலைகளுக்குப் பொறி செய்துகொடுத்தும் பழுது பார்த்தும் வாழ்ந்தவர் எட்வின் பியர்ட் பட்டிங். 1796-இல் பிறந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்: பல குழல் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தார், திருகித் திருகி வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனருக்கும் அவர் பேரைச் சொல்கிறார்கள். நான் வியப்பது அவருடைய கண்ணை. கம்பளிமேல் எழும்பி நிற்கும் மயிரைப் பார்த்தவருக்கு, மண்மேல் எழும்பி நிற்கும் புல் அதே பொருளாகத் தெரிந்திருக்கிறது. துணி நகர்ந்து கத்தியிடம் வந்தது. இங்கே கத்தி நகர்ந்து புல்லிடம் போக வேண்டும். அவ்வளவே மாற்றம். 1830 ஆகஸ்ட் 31 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பணம் போட்டவர் த்ரப் என்ற இடத்தில் இரும்பாலை வைத்திருந்த ஜான் ஃபெராபி.

அந்த ஆகஸ்ட் மாதத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அதே மாதக் கடைசியில்தான் கென்ட் மாவட்டத்து விவசாயக் கூலிகள் இரவில் திரண்டு கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் கதிரடிப்பு ஒன்றுதான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதை இயந்திரம் பறித்தது. கலகம் தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிற்று. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டிங்கின் புல்வெட்டியை யாரும் உடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதுவும் ஒரு கூலியாளின் கையிலிருந்துதான் வேலையை எடுத்தது.

யார் அந்தக் கூலியாள்? புல்வெட்டி வருமுன் மாளிகைப் புல்தரைகளை மட்டமாக வைத்தவர்கள் அரிவாள்காரர்கள். நீளக் காம்பில் நீண்டு வளைந்த கத்தி. இரு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தரையோடு தரையாக வீச வேண்டும். காய்ந்த புல் கத்திக்கு மடங்கிப்போகும், அறுபடாது. அதனால் பனி இறங்கிய விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டிப் போவார்கள். பின்னால் பெண்கள் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள். கல்லோ குழியோ இருந்தால் கத்தி முனை மழுங்கும். சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் சாணைக்கல்லை எடுத்துத் தீட்ட வேண்டும். அத்தனை பாடுபட்டும் தரையில் பிறை பிறையாகத் தடம் நிற்கும். ஆகவே மட்டமான புல்தரை என்பது ஒருவரிடம் எத்தனை ஆட்கள் வேலைக்கு இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்லும் அடையாளம். விளையாத நிலம், மாடும் மேயாத நிலம், இருந்தும் அதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்க முடிகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் போன்ற பண்ணைகளில் அந்த வேலை அடிமைகள் தலையில் விழுந்தது.

பட்டிங்கின் பொறி 19 அங்குல அகலம் வெட்டியது. சட்டம் தேனிரும்பு. பின்னால் இருக்கும் உருளை தரையில் உருள, அதன் சுழற்சியைப் பற்சக்கரங்கள் பெருக்கிக் கத்தி உருளைக்குக் கொடுக்கும். ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கனம் தாங்காவிட்டால் முன்னால் இழுக்க இன்னொருவர் பிடிக்கவும் கைப்பிடி வைத்திருந்தார். ஆரம்பத்தில் வாங்கிய இடங்களில் ஒன்று லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலை. அரிவாளும் துடைப்பமுமாக ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையை இது செய்கிறது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னதை, ஜான் லவுடன் நடத்திய தோட்டக்கலை இதழ் எழுதியது. ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளும் வாங்கின. 1832-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தானும் செய்யத் தொடங்கியது.

காப்புரிமை விண்ணப்பத்தில் பட்டிங் ஒரு நம்பிக்கையையும் எழுதிவைத்திருந்தார். நாட்டுப்புறத்துக் கனவான்கள் இதைத் தாமே தள்ளிப் பார்க்கலாம். பொழுதும் போகும், பயனும் உண்டு, உடம்புக்கும் நல்லது என்பது அதன் சாரம். அன்று படித்தவர்களுக்கு அது வியாபாரப் பேச்சாகத்தான் தோன்றியிருக்கும். கூலிக்காரன் செய்வதைக் கனவான் எதற்குச் செய்யப்போகிறார்? ஆனால் இந்தப் பொறியின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளைத்தது என்பது என் எண்ணம். வேலையைக் குறைக்க வந்த பொறி, முன்பு அந்த வேலையே இல்லாதவர்கள் வீட்டுக்கெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எட்டு அரிவாள்காரர்கள் தேவைப்பட்ட காலத்தில் புல்தரை இல்லாமல் இருப்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஒருவரே தள்ளலாம் என்று ஆனபிறகு, தள்ளாமல் இருப்பது குறையாயிற்று.

பட்டிங் அந்த நாளைக் காணவில்லை. 1846-இல் டர்ஸ்லி என்ற ஊரில், ஐம்பது வயதில் இறந்துபோனார்.

அவர் பெற்ற பொறியோ வளர்ந்தது. 1840-களில் ஸ்காட்லாந்தின் அர்ப்ரோத் நகரத்து அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய புல்வெட்டியைச் செய்தார். குளம்பு பதிந்து தரை கெட்டுவிடக் கூடாதென்று குதிரைக்குத் தோல் காலணி மாட்டினார்கள். 1859-இல் லீட்ஸ் நகரத்து தாமஸ் கிரீன் பற்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி வைத்துச் சத்தத்தைத் தணித்தார். நீராவியில் ஓடியது ஒன்று, பெட்ரோலில் ஓடியது ஒன்று. பெட்ரோல் வண்டியை 1902-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் ரான்சம்ஸ்தான்.

இந்த நடுக்காலத்தில் புல்வெட்டி செய்த மிகப் பெரிய காரியம் விளையாட்டைத் தந்தது. 1874-இல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ராணுவ மேஜர் புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்றார். பந்து ரப்பராக இருந்தால் போதாது, அது நம்பி எழும்ப ஒரு தரை வேண்டும். அரிவாளால் வெட்டிய தரையில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விம்பிள்டனில் குரோக்கே ஆடுவதற்கென்று 1868-இல் ஏற்பட்ட கழகம், 1877-இல் முதல் டென்னிஸ் போட்டியை நடத்தியது. குதிரை இழுக்கும் தரையுருளையைப் பழுது பார்க்கப் பணம் சேர்க்கத்தான் அந்தப் போட்டி என்று கழக வரலாற்றில் சொல்வார்கள். இன்று அங்கே புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். 2001 முதல் முழுக்க முழுக்க ரை புல். கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒரு தெருவின் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்து எழுந்து ஓடுவதற்கு முள்ளும் கல்லும் இல்லாத ஒரு பச்சைத் தரை பொதுவில் கிடைத்தது என்றால், அதற்கு இந்தக் கத்திதான் காரணம். புல்வெட்டியைக் குறை சொல்லி எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோதுதான் அதன் குணம் மாறியது. 1869 வாக்கில் சிகாகோவை அடுத்த ரிவர்சைட் குடியிருப்பைத் திட்டமிட்ட ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், எல்லா வீடும் சாலையிலிருந்து 30 அடி உள்வாங்கி இருக்க வேண்டும் என்று விதித்தார். மதில் கிடையாது. வீட்டுக்கு வீடு புல் தொடர்ந்து ஓடும். தெருவே ஒரு பூங்காபோல இருக்கும். மறு வருஷம் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீடுகளை அழகுபடுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் முற்றத்தின் அழகைப் புதர்வேலி போட்டு மற்றவர் கண்ணிலிருந்து மறைப்பது கிறிஸ்தவப் பண்பாகாது என்பது அவர் கட்சி. நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் அந்த நிமிஷமே வாசல் புல் வீட்டுக்காரருடையதாக மட்டும் இருப்பது நின்றுபோயிற்று. தெருவில் போகிறவருக்கும் அதில் பாத்தியதை வந்துவிட்டது. அதே ஆண்டு இந்தியானா மாநிலம் ரிச்மண்டில் எல்வுட் மெக்குவைர் ஒரு ஆள் சிரமமில்லாமல் தள்ளக்கூடிய இலகுவான புல்வெட்டியை வடிவமைத்தார். விதி ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம்.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழுந்தது 1947-இல். போரிலிருந்து திரும்பியவர்களுக்காக ஒரே அச்சில் கட்டிய 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு முறையாவது புல் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வேலி போடக் கூடாது. ஆரம்பகால ஒப்பந்தங்களில் இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. புல்லைப் பற்றிய விதியும் மனிதரைப் பற்றிய விதியும் ஒரே தாளில் இருந்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசை எங்கே போய் நிற்கும் என்று அந்தத் தாள் காட்டியது.

அந்த ஆசை புல்லுக்குள்ளேயும் போயிற்று. அதுவரை அமெரிக்கப் புல்விதைப் பொட்டலங்களில் குளோவரும் கலந்திருக்கும். மூன்று இலை விரிக்கும் சிறு செடி. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். பூவில் தேனீ வந்து அமரும். போர் முடிந்ததும் சந்தைக்கு வந்த 2,4-டி களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை மட்டும் விட்டுவைத்தது. குளோவரும் செத்தது. சாகடித்த பிறகு அதைக் களை என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். அது இலவசமாகப் போட்ட உரத்தை இனிக் கடையில் வாங்கிப் போட வேண்டும். உரம் போட்டால் புல் வேகமாக வளரும். வளர்ந்தால் வெட்ட வேண்டும்.

புல்லின் வளரும் குருத்து மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது. மற்றச் செடிகளுக்கு நுனியைக் கிள்ளினால் பின்னடைவு. புல்லுக்கு நுனி போனாலும் அடியிலிருந்து இலை தள்ளிக்கொண்டே வரும், பக்கத்தில் புதுத் தூரும் கட்டும். மேய்ச்சல் விலங்குகளோடு சேர்ந்தே வாழ்ந்து பெற்ற குணம் அது. ஆகவே புல்வெட்டி ஓட்டுகிறவர் செய்வது ஆட்டின் வேலை. 1918-இல் அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்லில் நிஜமாகவே ஆடுகளை மேயவிட்டார். போருக்குப் போன ஆட்களின் வேலை மிச்சமாயிற்று, கம்பளியை ஏலம் விட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தார்கள்.

பட்டிங்கின் கத்தி கத்தரிக்கோல்போல இரண்டு விளிம்புக்கு நடுவே வெட்டியது. 1952-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் வேறு வழியில் போனார். கல்லூரி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் புல்லை வெட்டிக் காசு சம்பாதித்துவந்தான் அவர் மகன். அவனுக்கு உதவத்தான் வீட்டில் இருந்ததை வைத்து ஒட்டுப்போட ஆரம்பித்தார். படுக்கவைத்த ஒரு சின்ன என்ஜின், அதன் தண்டில் தரைக்கு இணையாகச் சுழலும் கத்தி, பெட்ரோலுக்குப் பீச் பழம் அடைத்து வந்த காலி டின். தன் நடுப்பெயரிலிருந்து அதற்கு விக்டா என்று பேர் வைத்தார். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் அந்தக் கத்தி வேகத்தாலேயே புல்லை அடித்து அறுக்கும், நீண்ட புல்லானாலும் ஈரப் புல்லானாலும் போகும், சாணை பிடிக்க எளிது, விலையும் குறைவு. உலகம் இன்று ஓட்டும் புல்வெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளை அணிவகுக்கவைத்துக் கொண்டாடினார்கள். அந்த நாட்டார் தம்மை அடையாளம் காட்ட அதையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் மதிக்கிறேன். முற்றத்துக் கொட்டகையில் ஒரு தகப்பன் செய்த பொருள் அது.

கூடவே இரைச்சலும் ஆபத்தும் வந்தன. கைவிரலும் கால்விரலும் போனவர்கள் ஆயிரக்கணக்கில். கைப்பிடியை விட்டால் மூன்று விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்கா 1982-இல் விதி கொண்டுவந்தது. இப்போது கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பியை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டுகிறோமே, அது அந்த விதியால் வந்தது.

புல்வெட்டுவது பிடிக்குமா என்று புல்தரை வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வரும். பிடிக்கும் என்கிறவர் சொல்வது இது: செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டியது எங்கே போனதென்று தெரிவதில்லை. இங்கே திரும்பிப் பார்த்தால் வெட்டிய பக்கமும் வெட்டாத பக்கமும் பளிச்சென்று பிரிந்து நிற்கின்றன. உருளை வைத்த புல்வெட்டியாக இருந்தால் புல் ஒரு வரியில் முன்னும் மறு வரியில் பின்னும் சாய்ந்து, வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகக் கோடு விழும். அந்தக் கோடு நேராக விழுந்த மகிழ்ச்சியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என்ஜின் சத்தத்துக்குள் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட முடியாது. அந்தத் தனிமை சிலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே தனிமை. அமெரிக்கச் சிறுவர்கள் பல தலைமுறையாக முதல் சம்பளம் வாங்கியது பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டித்தான்.

பிடிக்காது என்கிறவர் சொல்வதும் உண்மைதான். வாரம் முழுக்க உழைத்து ஒரு சனிக்கிழமை கிடைக்கிறது, அதையும் புல் எடுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் வெட்டி முடித்துத் திரும்பினால் பின்னாலேயே வளர்கிறது. மகரந்தம் மூக்கில் ஏறித் தும்மல் அடங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அடுத்த வீட்டுக்காரர் பார்வை. இந்தக் கடைசிக் குறையில்தான் என் மனம் நிற்கிறது. தானாக விரும்பிச் செய்யும்போது இதே வேலை ஓய்வாக இருக்கிறது. எவரோ அளந்து பார்ப்பார் என்று செய்யும்போது தண்டனையாக மாறுகிறது. புளோரிடாவின் டனீடன் நகரத்தில் ஒருவர் வெளியூர் போயிருந்த சமயம் புல் உயர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு 500 டாலர் என்று ஏறி ஏறி அபராதம் 30,000 டாலரை நெருங்கியது. வீட்டையே ஏலத்தில் எடுத்துவிடுவார்களோ என்ற நிலை வந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒரு புல் இதற்காக முளைக்கவில்லை.

ஜெர்மனியில் பயம் வேறு திசையிலிருந்து வரும். குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிறும் விடுமுறை நாளும் முழுக்க, மற்ற நாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை புல்வெட்டி ஓட்டக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வெட்டாதவரை அண்டைவீட்டார் குறை சொல்லும் ஊர்கள் ஒரு பக்கம், ஓய்வுநாளில் வெட்டினவர்மேல் புகார் கொடுக்கும் ஊர்கள் ஒரு பக்கம்.

வெட்டும்போது எழும் அந்த வாசனையைப் பலரும் கோடைக்காலத்தின் வாசனை என்பார்கள். அறுபட்ட இலை சில நொடிகளில் ஹெக்சீனல் குடும்பத்து ஆவிகளை வெளியிடுகிறது. இதே வகை ஆவி சில பயிர்களில் புழுவைத் தேடிவரும் குளவிகளுக்கு அழைப்பாகவும் இருக்கிறது. புல்லுக்கு அது காயம். மனிதருக்கோ சிறுவயது நினைவு. பிலிப் லார்கின் 1979-இல் தன் புல்வெட்டியில் ஒரு முள்ளெலி சிக்கிச் செத்ததை வைத்து எழுதிய கவிதையை ஆங்கிலம் படித்தவர்கள் அறிவார்கள். புல்வெட்டி ஓட்டுகிறவர் கையில் ஓர் உயிர் போகலாம் என்பதை அவருக்குப் பிறகு பலரும் நினைத்துப் பார்த்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தன் வீட்டுப் புல்லை வெட்டுகிறவர் மனம். அடுத்தவர் புல்லை வெட்டிப் பிழைக்கிறவர் மனம் தனி. தெற்குக் கலிஃபோர்னியாவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தத் தொழில் ஜப்பானியக் குடியேறிகள் கையில் இருந்தது. நிலம் வாங்கவும் பல வேலைகளில் சேரவும் அவர்களுக்குத் தடை இருந்தது. ஒரு புல்வெட்டியும் ஒரு பழைய வண்டியும் இருந்தால் இந்தத் தொழிலைத் தொடங்கிவிடலாம். 1942-இல் அவர்களை முகாம்களில் அடைத்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது கடையும் பண்ணையும் போய்விட்டிருந்த பலர், மறுபடி கையில் எடுத்தது புல்வெட்டியைத்தான். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அவர்களுக்குப் பின் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். சருகை ஊதித் தள்ளும் பெட்ரோல் ஊதுகருவியை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தடைசெய்தபோது, 1998 ஜனவரியில் லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் நகராட்சி வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். குடியிருப்பவர்கள் கேட்டது அமைதி; தோட்டக்காரர்கள் கேட்டது கருவி. ஊதுகருவி இல்லாவிட்டால் அதே கூலிக்கு இரண்டு மடங்கு நேரம் குனிந்து கூட்ட வேண்டும். 1830-இன் அரிவாள்காரருக்குக் கிடைக்காத வாய், இவர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. சின்ன பெட்ரோல் என்ஜின்களின் புது விற்பனையை 2024 முதல் நிறுத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2021-இல் போட்டபோது, சிறு தோட்டத் தொழிலாளர்கள் மின்கருவிக்கு மாற 3 கோடி டாலர் ஒதுக்கியது. பெட்ரோல் புகையை முகத்துக்கு நேரே சுவாசிப்பவர்கள் அவர்கள் என்பதால் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். செலவு அவர்கள் தலையில் விழக் கூடாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

டொராண்டோவின் ஸ்காபரோவில் இந்தக் கதை நம்மவர் வாசலுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்து வளவில் புல் முளைத்தால் அது சோம்பலின் அடையாளம். பாம்பு படுக்கும் என்று மண்வெட்டியால் செருக்கிவிட்டு, விடியப்புறம் ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டுவார்கள். அப்படி வளர்ந்தவர்கள் இடப்பெயர்வும் போரும் தாண்டி வந்து, ஒரு வீடு வாங்கினார்கள். இங்கே மண் தெரிந்தால்தான் குறை. டொராண்டோ நகர விதிப்படி புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. நோட்டீஸ் வந்தும் வெட்டாவிட்டால் நகராட்சி ஆள் விட்டு வெட்டி, செலவை வீட்டு வரியில் சேர்த்துவிடும். “என்ன அண்ணை, புல்லு முழங்கால் மட்டும் வந்திட்டுது, வெட்டேல்லையோ?” என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். முன்பக்கத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தை அவர்கள் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள். அங்கே புல்லைக் கிண்டி எடுத்துவிட்டு வெண்டி, கத்தரி, பயித்தங்காய்ப் பந்தல், கறிவேப்பிலைத் தொட்டி. வருஷத்தில் நான்கைந்து மாதம்தான் வெயில். அதற்குள் ஒரு வளவையே விளைவித்துவிடுகிறார்கள். அந்தப் பின்பக்கங்களைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அமெரிக்காவில் புல்தரை எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். வீடு, அலுவலகம், கோல்ஃப் திடல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். பாசனத்தில் விளையும் மக்காச்சோளத்தைப்போல மூன்று மடங்கு. சாப்பிட முடியாத ஒரு பயிர், பரப்பளவில் அந்நாட்டின் மிகப் பெரிய பாசனப் பயிர்.

பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019 முதல் மே மாதம் முழுக்கப் புல் வெட்டாமல் விடச் சொல்கிறது. தேனீக்கும் வண்டுக்கும் அந்த மாதத்துப் பூ வேண்டும். தேனீ நாடும் செடிகளை வாசலில் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று மேரிலாந்து மாநிலம் 2021-இல் சட்டம் போட்டது. பொறியும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்வீடனின் ஹஸ்க்வார்னா 1995-இல் சூரிய ஒளியில் தானே ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்தது. இன்று ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வீடுகளில் தள்ளுவதற்கு ஆளே இல்லை. சத்தமில்லாமல் இரவிலும் ஓடும் இவை முள்ளெலிகளைக் கொல்கின்றன. ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டு கிடப்பது முள்ளெலியின் பழக்கம். இதற்காக ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024-இல் இரவு நேர ஓட்டத்தைத் தடைசெய்தது.

எல்லாவற்றிலும் எனக்குத் தெளிவான அளவுகோலாகப் படுவது பாலைவன மாநிலமான நெவாடாவில் போட்டது. கொலராடோ ஆறு வற்றி வருவதால், லாஸ் வேகஸ் வட்டாரத்தில் பயனற்ற புல்தரைகளுக்கு ஆற்றுநீர் பாய்ச்சுவதை 2027 முதல் நிறுத்தும் சட்டத்தை 2021-இல் இயற்றினார்கள். சாலை நடுவே, அலுவலக வாசலில், கடைத்தெரு ஓரத்தில் வெறும் பார்வைக்குக் கிடக்கும் புல் போய்விடும். பிள்ளைகள் ஆடும் பள்ளித் திடலும் பூங்காவும் இருக்கும். தனி வீட்டு முற்றத்தை இந்தத் தடை தொடவில்லை. எது பயனற்றது என்று பொதுமக்களுக்கு விளக்க நீர் ஆணையத்தார் ஒரு எளிய சோதனை சொன்னார்கள்: புல் வெட்டுகிறவரைத் தவிர வேறு எவர் காலும் படாத இடம் எதுவோ, அது.